பசி அடக்கும் மருந்துகள்: மூன்றாவது மாதத்திலும் கேட்பது எது?

பசியடக்கி வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளைத் தேதியோடு சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் பிடிபடும். "சாப்பாட்டு நினைப்பே வரவில்லை" என்று ஐந்து நட்சத்திரம் போட்டவர் மருந்து தொடங்கிச் சில வாரங்களே ஆனவர். "பழகிவிட்டது, இப்போது ஒன்றுமே தெரியவில்லை" என்று ஒற்றை நட்சத்திரம் போட்டவர் அதே மருந்தை இரண்டு மூன்று மாதம் தாண்டிச் சாப்பிட்டவர். ஆகவே இங்கே முதல் மாதத்துக்கு மதிப்பெண் இல்லை. மூன்றாவது மாதத்தில் என்ன மிஞ்சுகிறது, மிஞ்சாவிட்டால் காரணம் என்ன, அந்த நேரத்தில் எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதை வைத்தே ஒவ்வொன்றையும் எடை போட்டிருக்கிறோம். நார்ப்பொருளும் மூலிகைக் கேப்ஸ்யூலும் தவிர மற்றவை எல்லாம் மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே வாங்க வேண்டியவை.

பென்டர்மின்

பழகிப்போகும் சிக்கலை முழுசாகப் புரிந்துகொள்ள இதைவிடச் சரியான மருந்து கிடையாது. அமெரிக்காவில் 1959இல் அனுமதி பெற்றது. இன்றும் அங்கே மருத்துவர்கள் நிறைய எழுதும் எடைக்குறைப்பு மாத்திரைகளில் இதுவும் ஒன்று. 'அடிபெக்ஸ்-பி' என்பது அங்குள்ள பிரபலமான பெயர். மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் 'டூரோமின்' என்ற கேப்ஸ்யூலாக இதைப் பார்த்திருப்பார்கள். ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி வேதியமைப்பு என்பதால் அமெரிக்கச் சட்டத்தில் கட்டுப்பாட்டு மருந்துகளின் நான்காம் பட்டியலில் இருக்கிறது.

அளவில் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அடிபெக்ஸ் மாத்திரையில் 37.5 மி.கி. என்று போட்டிருப்பது பென்டர்மின் ஹைட்ரோகுளோரைடு உப்பின் எடை. அதில் இருக்கும் பென்டர்மின் 30 மி.கி.தான். எனவே டூரோமின் 30இலிருந்து அடிபெக்ஸ் 37.5க்கு மாறுகிறவர் டோஸைக் கூட்டவில்லை. அதே அளவைத்தான் சாப்பிடுகிறார். "புதுசு கொஞ்சம் பலமாக இருக்கிறது" என்று எழுதுகிறவர்கள் உணர்வது மருந்து வெளியாகும் வேகத்தை. டூரோமினில் பென்டர்மின் ஒரு பிசினோடு பிணைக்கப்பட்டு மெதுவாக இறங்கும். அடிபெக்ஸ் மாத்திரை சட்டென்று கரையும்.

காலை உணவுக்கு முன்போ, சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தோ ஒரு மாத்திரை. நடுவில் கோடு இருப்பதால் பாதியாக உடைக்கலாம். சிலருக்கு அந்த 18.75 மி.கி.யே போதும் என்று மருந்துக் குறிப்பே சொல்கிறது. 2016இல் வந்த 'லொமைரா' 8 மி.கி. மாத்திரை, மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு போடுவதற்காக. உடலில் பாதி மருந்து வெளியேறவே சுமார் 20 மணி நேரம் ஆகும். மாலையில் போட்டால் தூக்கம் போகும், தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும். மருந்து கேட்கவில்லை என்று புலம்புகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்பதைத்தான்.

இந்த மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே பழகிப்போதலைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது: பசியைக் குறைக்கும் விளைவுக்குச் சில வாரங்களில் உடல் பழகிவிடும், அப்படிப் பழகினால் விளைவைக் கூட்டுவதற்காகப் பரிந்துரைத்த அளவைத் தாண்டக் கூடாது, மருந்தை நிறுத்த வேண்டும். அனுமதியும் "சில வாரங்கள்" பயன்பாட்டுக்கே. நடைமுறையில் அமெரிக்க மருத்துவர்கள் பலர் அதற்கு மேலும் எழுதுகிறார்கள் என்பது வேறு கதை.

ஏன் பழகுகிறது? பென்டர்மின் தானாகப் பசியை அடக்குவதில்லை. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை வெளியே தள்ளுகிறது. பசியைக் குறைப்பது அந்த நார்அட்ரினலின். தினமும் தள்ளிக்கொண்டே இருந்தால் கையிருப்பு இறங்கும், அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளும் கூருணர்வு குறைந்து அடங்கும். அந்த நிலையில் இன்னொரு மாத்திரை போட்டால் பசியைவிட இதயமும் இரத்த அழுத்தமுமே முதலில் பதில் சொல்லும்.

இனி, கடைக் கருத்துகளில் யாரும் எழுதாத விஷயம். முதல் இரண்டு வாரத்தில் பென்டர்மின் தருவது இரண்டு வெவ்வேறு அனுபவங்கள். ஒன்று, ஒரு வேகம்: நாவறட்சி, சுறுசுறுப்பு, தூக்கம் வராமை, லேசான படபடப்பு. மற்றொன்று, பசி குறைவது. இரண்டும் ஒன்றாக வந்ததால் இரண்டையும் ஒன்றென்றே மனம் பதிந்துகொள்கிறது. அந்த வேகம் பெரும்பாலும் முன்னதாகவே மங்கிவிடும். மங்கியதும் "மருந்து போயிற்று" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். தட்டில் வைக்கும் சோறு அளவு இன்னும் கூடவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

ஆகவே உணர்வை நம்ப வேண்டாம், எழுதி வையுங்கள். மருந்து தொடங்கும் முன் ஒரு வாரம், ஒவ்வொரு வேளைக்கும் முன்பு பசியை 0 முதல் 10 வரை ஓர் எண்ணாகக் குறிக்கவும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி பசி எடுக்கும் மணியையும் குறிக்கவும். மருந்து தொடங்கிய பின் வாரத்தில் இரண்டு நாள் இதையே செய்தால் போதும். எடையை வாரம் ஒருமுறை, காலைக்கடன் முடித்து, ஒரே மெஷினில் பார்க்கவும். இந்த நான்கு வரி நோட்டு இல்லாமல் "பழகிவிட்டது" என்று மருத்துவரிடம் போனால் அவராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

பழகியதா, உடல் எதிர்க்கிறதா?

எடை இறங்குவது நின்றால் எல்லோரும் மருந்தின் மேல் பழி போடுகிறார்கள். பாதி நேரம் மருந்து தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். எதிரில் நிற்கும் சுமை கூடியிருக்கும்.

2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு எண்ணாகவே விடை கொடுத்தது. கனாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மருந்து சிறுநீர் வழியே குளுக்கோஸை வெளியேற்றும். அதனால் சாப்பிடுகிறவருக்குத் தெரியாமலே கலோரி இழப்பு நடக்கும். அவர்கள் எடை எப்படி மாறியது என்பதை வைத்து, எடை குறையும்போது பசி எவ்வளவு கூடுகிறது என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி அளவு பசி ஏறுகிறது. உடல் செலவழிக்கும் சக்தியும் கிலோவுக்கு 20 முதல் 30 கலோரி வரை இறங்குகிறது.

8 கிலோ குறைத்தவரை எடுத்துக்கொள்வோம். அவர் உடல் தினமும் ஏறக்குறைய 800 கலோரி கூடுதலாகக் கேட்கிறது. செலவழிப்பதோ 200 குறைவாக. தினமும் 1,000 கலோரி இழுவைக்கு எதிராக மருந்து நிற்கிறது. முதல் வாரத்தில் இந்த இழுவை கிடையாது. மருந்தின் பலம் ஒரு துளியும் குறையாமலே, நான்காவது மாதம் அது பலவீனமாகத் தெரியும். நிறுத்திப் பார்த்தால்தான் அது எவ்வளவு தாங்கிக்கொண்டிருந்தது என்று புரியும்: பசி முழு வேகத்தில் வரும்.

இரண்டையும் பிரித்தறிய ஓரளவு நம்பகமான வழி, பசி எப்போது திரும்பியது என்று பார்ப்பது. மூன்று நான்கு வாரத்துக்குள், எடை ஒன்றிரண்டு கிலோகூட இறங்காத நிலையில் பசி எண் பழைய அளவுக்கு ஏறினால் மருந்து பழகிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். எடை ஆறேழு கிலோ இறங்கி, பசி கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, எடை ஓரிடத்தில் நின்றுவிட்டால் அது உடலின் எதிர்ப்பு. முன்னதற்கு மருந்தை மாற்றுவது பொருத்தம். பின்னதற்கு மருந்தை மாற்றினாலும் அதே சுவர் கொஞ்சம் தள்ளி எதிர்ப்படும். அங்கே புரதம் கூட்டுவது, எடைப் பயிற்சி, இப்போதைய எடையைத் தக்கவைப்பதையே இலக்காக ஏற்பது ஆகியவைதான் பேச வேண்டியவை.

இவை இரண்டுமே இல்லாத மூன்றாவது வகையும் உண்டு. நடுவில் புதிதாகச் சேர்ந்த வேறொரு மருந்து பசியைக் கிளப்பலாம். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ கொடுத்த ஸ்டீராய்டு, இன்சுலின், கிளிமிபிரைடு வகை சர்க்கரை மாத்திரை, ஒலான்சபின், மிர்டாசபின், சோடியம் வால்ப்ரோயேட் போன்றவை பசியையும் எடையையும் கூட்டக்கூடியவை. பசியடக்கியைக் குறை சொல்வதற்கு முன் மருந்துப் பெட்டியை முழுசாகக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த மருந்துகளைத் தானாக நிறுத்திவிடக் கூடாது.

இடைவெளி விட்டால் மீண்டும் கேட்குமா?

கேட்கும் என்பதற்குப் பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1968இல் பிரிட்டனில் வெளிவந்தது. 108 பெண்கள், 36 வாரம். ஒரு பிரிவுக்குத் தொடர்ந்து பென்டர்மின், இன்னொரு பிரிவுக்கு நான்கு வாரம் பென்டர்மின், நான்கு வாரம் வெற்று மாத்திரை (மருந்தே இல்லாத போலி மாத்திரை) என்று மாற்றி மாற்றி, மூன்றாவது பிரிவுக்கு முழுக்க வெற்று மாத்திரை. கடைசி வரை இருந்தவர்களில் தொடர்ந்து சாப்பிட்டவர்கள் சராசரியாக 12.2 கிலோ, விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்கள் 13 கிலோ, வெற்று மாத்திரைக்காரர்கள் 4.8 கிலோ குறைத்தார்கள். அதாவது பாதி மருந்தில் அதே பலன். பலர் நடுவில் விலகிய சின்ன ஆய்வு என்பதால் இதை வேதவாக்காக எடுக்க முடியாது. ஆனாலும், "தினமும் போட்டால்தான் நடக்கும், கேட்காவிட்டால் இரண்டாகப் போடு" என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல பதில் தேவையில்லை.

இடைவெளி எடுக்கும் வாரங்களில் பசி சட்டென்று எழும், அசதியும் இருக்கும். அதற்கு முன்கூட்டியே உணவைத் திட்டமிடாமல் நிறுத்தினால் நான்கு வாரத்தில் சேமித்ததைப் பத்து நாளில் செலவழித்துவிடலாம்.

பழகியதை முறியடிக்க என்று பரப்பப்படும் தந்திரங்களில் மோசமானது ஆப்பசோடா. சிறுநீர் அமிலமாக இருந்தால் பென்டர்மின் சீக்கிரம் வெளியேறும், காரமாக இருந்தால் தங்கும் என்பது உண்மை. அமிலச் சிறுநீரில் பாதி மருந்து வெளியேறும் நேரம் 7, 8 மணியாகவே சுருங்கிவிடுகிறது. சோடாவைக் குடித்து அதைத் தலைகீழாக்குகிறார்கள். விளைவு, எவ்வளவு கூடியது என்று யாருக்கும் தெரியாத ஒரு டோஸ் ஏற்றம், கூடவே சோடியம், அதன் மேல் இரத்த அழுத்தம். காபின் மாத்திரையோடு சேர்ப்பதும், மூக்கடைப்புக்குச் சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரை போடுவதும் இதே குழியில் விழுவதுதான்.

இதய நோய், பக்கவாதம், கட்டுப்படாத இரத்த அழுத்தம், தைராய்டு மிகைச் சுரப்பு, கண் அழுத்த நோய், போதைப்பழக்க வரலாறு, கர்ப்பம், தாய்ப்பால் ஊட்டுதல்: இவர்களுக்கு இந்த மருந்து கிடையாது. எம்.ஏ.ஓ. தடுப்பு வகை மனச்சோர்வு மருந்து சாப்பிட்டவர் அதை நிறுத்தி 14 நாள் ஆகியிருக்க வேண்டும். நடக்கும்போது புதிதாக மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ அன்றே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மாதக் கணக்கில் தனிப் பென்டர்மினுக்கு எங்கள் மதிப்பெண் நடுத்தரம். குறுகிய காலத்துக்கு, கையில் இரத்த அழுத்த மெஷின் இருப்பவருக்கு, விலைக்கு ஏற்ற பொருள்.

பழகுவதைத் தடுக்கவே செய்த கூட்டு மருந்துகள்

2012இல் அமெரிக்காவில் வந்த 'க்யூசிமியா' பென்டர்மினைக் குறைந்த அளவில் வைத்து, அதோடு டோபிரமேட் என்ற வலிப்பு மருந்தைச் சேர்த்தது. 14 நாள் 3.75/23 மி.கி. (முதல் எண் பென்டர்மின், அடுத்தது டோபிரமேட்), பிறகு 7.5/46. 12 வாரத்தில் எடையில் 3 சதவீதம்கூடக் குறையாவிட்டால் நிறுத்துவது, அல்லது 11.25/69 வழியாக 15/92க்கு ஏறுவது. அதிலும் இன்னொரு 12 வாரத்தில் 5 சதவீதம் இறங்காவிட்டால் நிறுத்திவிட வேண்டும். இப்படி 'எப்போது கைவிடுவது' என்று அட்டையிலேயே எழுதிய மருந்துகளை நாங்கள் மதிக்கிறோம். இரண்டாண்டுத் தொடர் ஆய்வில் அதிக டோஸ் எடுத்தவர்களுக்குச் சுமார் 10 சதவீத எடைக்குறைவு அப்படியே நின்றது. பென்டர்மின் சில வாரத்தில் செத்துவிடும் என்ற பொதுக் கருத்தை இது கொஞ்சம் அசைத்துப் பார்க்கிறது.

குறைகளும் சிறியவை அல்ல. கை கால் விரல் மதமதப்பு, பேசும்போது சொல் அகப்படாமை, சிறுநீரகக் கல். சோடா, கோலா வகைகள் சப்பென்று இருக்கும். அதைப் பக்க விளைவு என்பதா, பரிசு என்பதா! கருவுக்கு உதடு, அண்ணப் பிளவு ஏற்படக்கூடும் என்பதால் பெண்கள் தொடங்கும் முன்பும் மாதாமாதமும் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். உயர் டோஸை ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம்; ஒருநாள் விட்டு ஒருநாள் என ஒரு வாரமாவது இறக்கிப் பிறகே விட வேண்டும்.

2014இன் 'கான்ட்ரேவ்' யோசனை இன்னும் சாமர்த்தியமானது. இதிலுள்ள புப்ரோப்பியான் மூளையில் பசியைத் தணிக்கும் நரம்புகளைத் தூண்டும். அந்த நரம்புகள் தூண்டப்பட்டதும் பீட்டா எண்டார்ஃபினைச் சுரந்து தங்களைத் தாங்களே அடக்கிக்கொள்ளும். உடலில் இயல்பாகவே உள்ள பிரேக் அது. கூடவே வைத்திருக்கும் நால்ட்ரெக்சோன் அந்தப் பிரேக்கைப் பிடிக்க விடாது. காகிதத்தில் அழகு. களத்தில் பலன் மிதமானதே, குமட்டல் அதிகம். 8/90 மி.கி. (நால்ட்ரெக்சோன்/புப்ரோப்பியான்) மாத்திரை முதல் வாரம் காலை ஒன்று, இரண்டாம் வாரம் காலையும் மாலையும் ஒவ்வொன்று, மூன்றாம் வாரம் காலை இரண்டு மாலை ஒன்று, நான்காம் வாரத்திலிருந்து இரண்டிரண்டு. உடைக்கவோ நசுக்கவோ கூடாது. எண்ணெய் மிதக்கும் சாப்பாட்டோடு போட்டால் மருந்து அதிகமாக உறிஞ்சப்படும், வலிப்பு ஆபத்து கூடும். ட்ரமடால் போன்ற ஓபியாய்டு வலி மாத்திரை சாப்பிடுகிறவர் இதைத் தொடக் கூடாது. தின்பண்டத்தின் மேல் ஆசை அடங்காதவர்களுக்கு ஏற்றது. சோற்றின் அளவு குறைய வேண்டும் என்பவர்களுக்கு ஏமாற்றம்.

வாராந்திர ஊசிகள்

செமாகுளுடைடு ('வெகோவி'), டிர்செபடைடு ('மவுன்ஜாரோ'). இந்தியாவில் மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் வந்தது, 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. குப்பி 4,375 ரூபாய் என்று அறிமுக விலை. வாரம் ஒன்று என்றால் அந்த விலையில் மாதம் 14,000, பிறகு 17,500 ஆனது. வெகோவி அதே ஆண்டு ஜூனில் வந்தது.

மூன்றாவது மாதக் கணக்கில் இவைதான் முதலிடம். சொல்லப்போனால் மூன்றாவது மாதத்தில்தான் இவை சரியாகத் தொடங்கவே செய்கின்றன. வெகோவி 0.25, 0.5, 1, 1.7, 2.4 மி.கி. என்று நான்கு வாரத்துக்கு ஒரு படி ஏறும். உச்சிக்குப் போக 16 வாரம். 1,961 பேர் கலந்துகொண்ட 68 வார ஆய்வில் சராசரி எடைக்குறைவு 14.9 சதவீதம், வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4. எடை ஓராண்டை ஒட்டி சமநிலைக்கு வந்து அங்கேயே நின்றது. பழகிப்போய்த் திரும்ப ஏறவில்லை.

ஆனால் இங்கேயும் ஒரு பழகுதல் உண்டு, அதை வைத்துத்தான் ஏகப்பட்ட தவறு நடக்கிறது. இந்த மருந்துகள் இரண்டு இடத்தில் வேலை செய்கின்றன. இரைப்பையிலிருந்து உணவு கீழிறங்குவதைத் தாமதப்படுத்துகின்றன. மூளையில் பசியையும் உணவு நினைப்பையும் குறைக்கின்றன. இரைப்பைத் தாமதத்துக்கு உடல் பழகுகிறது. இதே குடும்பத்தின் லிராகுளுடைடு 3 மி.கி.யை அளந்து பார்த்த ஆய்வில், 5ஆவது வாரத்தில் இருந்த தாமதம் 16ஆவது வாரத்தில் கணிசமாகக் குறைந்திருந்தது. மூளையின் மேலுள்ள விளைவு அப்படிக் கரைவதில்லை. இரண்டு வாய் சாப்பிட்டதும் தொண்டை வரை நிறைந்த உணர்வும் குமட்டலும் போனால், உடல் மருந்தோடு ஒத்துப்போகிறது என்று பொருள். அதைப் போய் "கேட்கவில்லை" என்று டோஸை ஏற்றச் சொல்கிறார்கள். பென்டர்மினின் வேகம் மங்கியவர்கள் செய்யும் அதே பிழை. பசி எண்ணும் எடையும் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் இருக்கிற டோஸிலேயே இருக்கலாம். ஏற்ற வேண்டிய கட்டாயமில்லை.

பழகியது ஊசியை விட்டால் மறந்தும் போகும். செமாகுளுடைடு பாதி வெளியேற ஒரு வாரம், டிர்செபடைடு சுமார் ஐந்து நாள். திருவிழா, வெளியூர்ப் பயணம் என்று மூன்று நான்கு வாரம் விட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து 1.7 அல்லது 10 மி.கி. என்று நேராகப் போட்டால் கடும் வாந்தி வரலாம். நீர்ச்சத்து வற்றிச் சிறுநீரகம் வரை போகலாம். ஒரு ஊசி மட்டும் தவறினால்: வெகோவியில் அடுத்த ஊசிக்கு இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் உடனே போடலாம், மவுன்ஜாரோவில் தவறி நான்கு நாளுக்குள் போடலாம், தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட வேண்டும். இரண்டு மூன்று ஊசி தொடர்ந்து தவறினால் கீழ்ப்படியிலிருந்து தொடங்குவது பற்றி மருத்துவரைக் கேட்க வேண்டும்.

திடீரென்று ஒரு பெட்டி மட்டும் கேட்கவில்லை என்றால் பழகுதலைவிட ஃபிரிட்ஜைச் சந்தேகியுங்கள். 2 முதல் 8 டிகிரி. ஃபிரீசர் தட்டை ஒட்டி வைத்து உறைந்துபோனது உருகிய பிறகும் பயன்படாது. கூரியரில் வந்த பெட்டியில் ஐஸ் பேக் வெந்நீராக இருந்தால் திருப்பி அனுப்புவதே நல்லது. குப்பி ஒரே தடவைக்கானது, 0.5 மி.லி. முழுவதும் ஒரு டோஸ். செலவை மிச்சம் பிடிக்க அதையே இரண்டாகப் பிரித்து அடுத்த வாரத்துக்கு வைப்பது கிருமித் தொற்றுக்கு அழைப்பு. 100 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் 0.5 மி.லி. என்பது 50 யூனிட். மி.கி.யையும் யூனிட்டையும் குழப்பிக்கொண்டு பல மடங்கு ஏற்றிக்கொண்டவர்களைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024இல் எச்சரிக்கையே விட்டது. அவை பெரும்பாலும் மருந்தகத்தில் கலந்து கொடுத்த குப்பிகள்.

கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் டிர்செபடைடு தொடங்கிய நான்கு வாரமும், ஒவ்வொரு டோஸ் ஏற்றத்துக்குப் பின் நான்கு வாரமும் வேறு பாதுகாப்பும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்கு இவை கூடாது. கணைய அழற்சி வந்தவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவைக்கு முன் மயக்கவியல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பெரிய குறை: நிறுத்தினால் திரும்பும். டிர்செபடைடை 36 வாரம் போட்டபின் பாதிப் பேரை வெற்று ஊசிக்கு மாற்றிய ஆய்வில், மாற்றப்பட்டவர்கள் ஓராண்டில் 14 சதவீதம் ஏறினார்கள். தொடர்ந்தவர்கள் இன்னும் 5.5 சதவீதம் இறங்கினார்கள். இதை முன்கூட்டியே சொல்லாமல் "மூன்று மாத பேக்கேஜ்" விற்கிற கிளினிக்குகளுக்கு நாங்கள் நட்சத்திரம் எதுவும் தருவதாக இல்லை.

நாரும் மூலிகையும்

குளுக்கோமன்னன் நார் தண்ணீரில் உப்பி வயிற்றை அடைக்கும். வெறும் பௌதிக வேலை என்பதால் மூளை ஏற்பி பழகும் பேச்சே இல்லை. பலனும் அதற்கேற்றபடி சிறிசு. ஐரோப்பிய விதிப்படி இதைச் சொல்லி விற்க வேண்டுமானால் நாளுக்கு 3 கிராம், சாப்பாட்டுக்கு முன் 1 கிராம் வீதம் மூன்று முறை, ஒவ்வொன்றோடும் ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீர், கூடவே குறைந்த கலோரி உணவு. "தினம் இரண்டு கேப்ஸ்யூல்" என்று அச்சிட்ட டப்பாக்களில் அந்த அளவுக்குப் பாதிகூட வராது. பின்பக்கத்தைப் படித்துக் கணக்குப் போடுங்கள். மாத்திரை வடிவம் தொண்டையில் உப்பி அடைத்த சம்பவங்களால் ஆஸ்திரேலியா 1985இலேயே அதைத் தடை செய்தது. படுக்கும் முன் வேண்டாம், தண்ணீர் இல்லாமல் வேண்டவே வேண்டாம், விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. மற்ற மாத்திரைகளைச் சற்று இடைவெளி விட்டுப் போடவும்.

கார்சீனியா கம்போஜியா என்று விற்பது நம் குமரி, கேரள மீன் குழம்பில் போடும் கொடம்புளிதான். அதன் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலத்தை நாளுக்கு 1,500 மி.கி. வீதம் 135 பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்த 1998ஆம் ஆண்டு ஆய்வில் வெற்று மாத்திரையைவிட எந்தப் பலனும் இல்லை. அதற்குப் பின் இதைக் கலந்த கேப்ஸ்யூல்களோடு தொடர்புபடுத்திக் கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியுள்ளன. பழகிப்போக இதில் முதலில் ஏதாவது வேலை செய்திருக்க வேண்டுமே! புளியைக் குழம்பிலேயே போடுங்கள்.

கள்ளிமுளையான் வகைச் செடியின் சாறு காரலூமா என்ற பெயரில் வருகிறது. வறண்ட தென்னிந்தியக் காடுகளில் பசியும் தாகமும் தணிக்க மென்று தின்ற செடி. பெங்களூரில் 50 பேருக்கு நாளுக்கு 1 கிராம் வீதம் 60 நாள் கொடுத்த 2007 ஆய்வில் பசியும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன. எடையில் வெற்று மருந்தோடு ஒப்பிடச் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. இரண்டு மாதம் மட்டுமே பார்த்தார்கள் என்பதால் பழகுமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. கொடம்புளியைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். ஆப்பிரிக்கக் கலஹாரிப் பாலைவனத்தின் ஹூடியா செடியின் கதை இன்னும் சோகம்: மருந்து நிறுவனமான பைசர் 2003இல் ஆய்விலிருந்து விலகியது, யூனிலீவர் பணத்தைக் கொட்டி ஆராய்ந்து 2008இல் கைவிட்டது, டப்பாக்கள் மட்டும் இணையத்தில் இன்னும் ஓடுகின்றன.

பெயர் தெரியாத மூலிகைக் கேப்ஸ்யூல் ஒன்று முதல் நாளே பென்டர்மின் மாதிரி நாவறட்சியும் பசியின்மையும் கொடுத்தால் மகிழ வேண்டாம். இப்படிப்பட்டவற்றைச் சோதித்தபோது சிபுட்ரமின் கலந்திருந்ததைப் பல நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கின்றன. மாரடைப்பு, பக்கவாத அபாயம் கூடியது சுமார் 10,000 பேர் கொண்ட ஆய்வில் தெரிந்ததால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 2010இல் திரும்பப் பெறப்பட்டு, இந்தியாவில் 2011இல் தடை செய்யப்பட்ட மருந்து அது. எவ்வளவு கலந்திருக்கிறது என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். "முதல் டப்பா பிரமாதம், இரண்டாவது கேட்கவில்லை" என்று கருத்துகளில் பார்த்தால் அங்கே பழகுதல் நடந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கலப்படத்தின் அளவு மாறியிருக்கலாம். "கேட்கவில்லை" என்று அவர் இரண்டு கேப்ஸ்யூலாகப் போடும்போது மூன்றாவது டப்பாவில் அளவு மறுபடி ஏறியிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நெஞ்சு படபடத்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போகும்போது டப்பாவையும் கையோடு கொண்டுபோக வேண்டும்; மூலிகைதான் சாப்பிட்டேன் என்று வாயால் சொன்னால் அங்கே சிபுட்ரமினை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.